அம்மா வைத்துப்போன நாற்பத்தொரு டாலர்

புக்கிட் பெலிம்பிங்,
கோல சிலாங்கூர்.
5.1.1987

தம்பி சிவானந்தத்துக்கு,

இன்று 1987ஆம் ஆண்டு ஜனவரி ஐந்தாம் தேதி. எனக்கு எழுபது வயதும் ஆறு மாதங்களும் இருபத்திரண்டு நாட்களும் ஆகின்றன. உன் கடிதத்தில் 'அறுபத்தைந்து வயதான தாங்கள்' என்று எழுதியிருப்பதால் இதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் பேச்சு இல்லாதவர்களுக்குள் ஐந்தாண்டுப் பிசகு பெரிதில்லை. ஆனால் ஒரு தோட்டத்துக்கே செக்ரோல் என்ற ஆள்கணக்குப் புத்தகம் எழுதியவனுக்கு அது பிழைதான்.

உன் நான்கு பக்கங்களைச் சுருக்கினால் இவ்வளவே தேறுகிறது. நீ பணம் போட்டிருந்த கூட்டுறவுச் சங்கம் போன ஆகஸ்டில் முடக்கப்பட்டது. ஓய்வு பெற்றுவிட்டதால் வரும் டிசம்பர் 31க்குள் தோட்டத்துக் கணக்கருக்கென்று கொடுத்த கிராணி வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரவாங்கில் ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணமாக இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி கட்டினால்தான் உனக்கும் உன் மனைவி தங்கமணிக்கும் கூரை. கையில் எண்ணூறு இருக்கிறது. மாதம் ஐம்பது மிச்சம் பிடிக்கலாம். நான் ஒரு பழைய நாணயத்தை அறுநூறு வெள்ளிக்கு விற்றதாக உன் மகள் அம்சவள்ளி எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னாள். ஆகவே எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்கிறாய்.

அம்சவள்ளி கேள்விப்பட்டது உண்மை. நாற்பத்திரண்டு வெள்ளிக்கு வாங்கியதை அறுநூற்றுப் பத்துக்கு விற்றேன். இடையில் ஒன்பது ஆண்டுகள் போயின என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

இதில் வித்தை ஒன்றும் இல்லை. பழையதெல்லாம் விலை போகாது. அரிதானது, அதிலும் கெடாமல் இருப்பது மட்டுமே விலை போகும். ஜார்ஜ் மன்னர் காலத்துச் சதுரக் காசு நம் ஊரில் எல்லா வீட்டு இழுப்பறையிலும் உருள்கிறது. அதை ஐந்து வெள்ளி கொடுத்து வாங்குபவன் ஏமாளி. நினைவு நாணயங்கள் வெல்வெட் பெட்டியில் வரும். பெட்டிக்கும் சேர்த்தே விலை வாங்குவார்கள், விற்கும்போது பெட்டியை யாரும் மதிப்பதில்லை. உன்னைப் போன்ற ஐம்பது வெள்ளிக்காரன் மாதத்துக்கு ஐந்து வாங்கக் கூடாது, ஒன்றுதான் வாங்க வேண்டும். சில மாதங்களில் ஒன்றுமே வாங்காமல் இருக்க வேண்டும். இது உனக்குக் கடினமாக இருக்கும். ஓராண்டில் உன் ஐம்பதுகள் ஆயிரங்களாகிவிடாது என்பதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். பிறகு சொல்லவில்லை என்று எழுதாதே.

நான் எதற்காக உனக்குக் கற்றுத்தர வேண்டும் என்ற கேள்வி உன் கடிதத்தில் எங்கும் இல்லை. இருந்தாலும் கற்றுத்தருகிறேன். அம்மா இறந்த அன்று உன் தோட்டத்து வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் என்பதற்காகப் பாடத்தில் ஒரு வரியும் குறைக்க மாட்டேன்.

உறையின் மேல் என் பட்டத்தை விட்டுவிட்டாய். இங்குள்ள தபால்காரருக்கு நான் பி.ஏ. லீலாவதியாகத்தான் தெரியும்.

லீலாவதி

*

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
சபாக்.
18.1.1987

மதிப்பிற்குரிய அக்கா லீலாவதி பி.ஏ. அவர்களுக்கு,

தங்களின் 5.1.87 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். அதில் கண்ட விபரங்கள் யாவும் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன. வயது சம்பந்தமான பிசகுக்கு வருந்துகிறேன்.

1951ஆம் வருடச் சம்பவம் குறித்துத் தாங்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பது எனக்கு ஆச்சரியம். அது கம்பெனிச் சட்டம். நான் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதுவதில் பிரயோஜனம் இல்லை.

தாங்கள் நினைப்பதுபோல நான் வெறும் ஐம்பது வெள்ளிக்காரன் அல்ல. அம்மா வைத்துப்போன நாற்பத்தொரு வெள்ளி டாலரும் என் பொறுப்பில் பத்திரமாக உள்ளன. எட்வர்ட் ராஜா தலை, எல்லாம் 1904ஆம் வருடத்தவை. அதே பிஸ்கட் டின், அதே மஞ்சள் துணி. அம்மா செய்தபடியே தீபாவளிக்குத் தட்டில் பரப்பி, சந்தனம் குங்குமம் இட்டுப் படைத்து, துடைக்காமல் அப்படியே டின்னில் போட்டுவிடுவோம். மகாலட்சுமி என்பதால் வேறு நாளில் யாரும் தொடுவதில்லை. சபாக்கில் ஓர் ஆள் டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுக்கு நாற்பத்தைந்து வெள்ளி தருவதாகச் சொன்னான். அந்தக் கணக்கில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து வருகிறது. கைப்பணம் எண்ணூறையும் சேர்த்தால் வீட்டு முன்பணம் முடிந்தது.

அப்படியென்றால் மாதம் ஐம்பதுக்கு நாணயம் எதற்கு என்று கேட்பீர்கள். ரவாங்கில் வெறும் தரையில் போய் உட்கார முடியுமா? சோபா செட்டும் ஃப்ரிட்ஜும் வேண்டும் என்பது தங்கமணியின் அபிப்பிராயம். எனது அபிப்பிராயமும் அதுவே.

அம்மாவின் காசுகளை இப்போதே கொடுத்துவிடலாமா, காத்திருக்கலாமா என்பதைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி,
சி. சிவானந்தம்

*

புக்கிட் பெலிம்பிங்
2.2.1987

தம்பிக்கு,

அம்மாவின் காசுகளை இப்போது விற்காதே. நாற்பத்தைந்து வெள்ளி என்பது டின்னைப் பார்த்துச் சொன்ன விலை. காசைப் பார்த்துச் சொன்ன விலை அல்ல. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து மதிக்க உனக்கே தெரிந்த பிறகு விற்பதுதான் முறை. ஆகஸ்ட் வரை உன் கண் பழகட்டும்.

எங்கே வாங்குவது என்று கேட்பாய். கடையில் வாங்காதே; கடையில் விற்க மட்டும் பழகு. நான் வாங்கும் இடம் கோயில் உண்டியல். தோட்டத்துக் கிழவிகள் நேர்ந்துகொண்டு முடிந்து வைத்த பழைய காசெல்லாம் ஒருநாள் உண்டியலில் வந்து விழுகிறது. எண்ணும்போது செல்லாக் காசைத் தனியே ஒதுக்கி, கமிட்டிக்காரர்கள் நிறுத்து விற்றுவிடுகிறார்கள். எங்கள் கோயில் பொருளாளர் நல்லசாமி எனக்காகவே ஒரு பால் டின் வைத்திருக்கிறார். போன மாதம் அவர், "டீச்சரம்மா, செல்லாத காச செல்லுற டுயிட் குடுத்து வாங்குறீங்களே, வயசானா இப்படித்தானா" என்று கேட்டார். ஆமாம், இன்னும் ஒரு கிலோ போடுங்கள் என்றேன். அந்த ஒரு கிலோவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குப்பை. மீதியில் எண்பது வெள்ளி விலை பெறும் ஓர் ஐம்பது காசு இருந்தது.

பாடம் ஒன்று. எந்த நாணயத்தையும் கழுவாதே. தேய்க்காதே, மெருகு போடாதே, துணியால் அழுத்தித் துடைக்காதே. ஒரு வெள்ளிக் காசின் மேல் எழுபது எண்பது ஆண்டுகளில் ஏறியிருக்கும் கருமைதான் அதன் பிறப்புச் சான்று. வாங்குகிறவன் அதைத்தான் முதலில் தேடுவான். பளபளப்பு வேண்டுமென்றால் எவர்சில்வர் வாங்கு.

இதை நீ நம்ப மாட்டாய். ஆனாலும் எழுதியாகிவிட்டது.

லீலாவதி

*

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
20.4.1987

அக்கா அவர்களுக்கு,

தங்கள் பேச்சைக் கேட்டு நான் அடைந்த நஷ்டத்தின் விபரம் பின்வருமாறு.

பெப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் இங்குள்ள மாரியம்மன் கோயிலிலும் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலிலும் உண்டியல் காசு வாங்கினேன். மொத்தம் தொண்ணூற்றிரண்டு வெள்ளி. அதில் ஏழு காசு தேறும் என்று கண்டுகொண்டேன். தாங்கள் கழுவாதே என்று எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், என் பொருள் கறுத்துப்போய் விலை போகாமல் கிடக்க வேண்டும் என்பதற்காகவே தாங்கள் அப்படி எழுதியதாக எண்ணினேன். தங்கள் நிலையில் நான் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அவற்றைச் சாமி முன் வைக்க வேண்டியிருந்தது. தங்கமணி, "சாமிக்கு வைக்கிறத அழுக்கோடவா வைப்பாங்க" என்று சொல்லி, குத்துவிளக்குத் தேய்த்த புளியும் சாம்பலும் மீதி இருந்ததில் ஏழையும் தேய்த்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. கண்ணைப் பறித்தன.

மறுநாள் பஸ் ஏறிக் கிள்ளான் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனர் ஏழையும் வெல்வெட் துணியில் பரப்பிப் புரட்டிப் பார்த்தார். பிறகு யார் இதைக் குளிப்பாட்டியது என்று கேட்டார். புளி என்றேன். உள்ளே போய்த் தன் மனைவியையும் அண்ணனையும் கூட்டிவந்து காட்டினார். மூவரும் சிரித்தார்கள். "பழசு கொண்டா, நான் காசு தர்றேன். புதுசு வேணும்னா நானே பேங்க் போய் வாங்கிக்குவேன்லா" என்றார். ஏழுக்கும் பதினோரு வெள்ளி கொடுத்தார், வெள்ளியின் எடைக்கு. பஸ் கூலி நாலு வெள்ளி எழுபது காசு.

இதில் எனக்கு மானக்கேடுதான் பெரிது. நான் முப்பத்தொன்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களை நிற்கவைத்துப் பேசியவன்.

தாங்கள் எழுதியது உண்மைதான் என்று அறிந்துகொண்டேன். ஏன் உண்மையை எழுதினீர்கள் என்பதுதான் விளங்கவில்லை.

சிவானந்தம்

*

புக்கிட் பெலிம்பிங்
1.5.1987

தம்பிக்கு,

பதினோரு வெள்ளி அதிகம். நான் ஒன்பது கொடுத்திருப்பேன்.

நான் சொல்வது உண்மையாக இருக்கும்போதெல்லாம் அதை நீ சூழ்ச்சி என்று எண்ணுவாய் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காக நான் பொய் சொல்ல முடியாது. தங்கமணியின் மேல் பழியைப் போடாதே. அவளுக்கு என் கடிதத்தை நீ படித்துக் காட்டவில்லை.

ஏன் உண்மையை எழுதினேன் என்கிறாய். 1951ஐ நான் இன்னும் நினைவில் வைத்திருப்பது ஆச்சரியம் என்றும் போன ஜனவரியில் எழுதினாய். இரண்டும் ஒரே விளக்கத்தில் அடங்கும்.

1949இல் புல்வெட்டும் பெண்களுக்கு நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். மழை வந்து பாதியில் வேலை நின்றால் அன்றைய கூலியே இல்லை என்ற வழக்கத்தை மாற்றச் சொல்லி நாலு வரி. துரை என்னைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கினார். நான் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்ற அறிவிப்பைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டச் செய்தார். அந்த எழுத்து உன்னுடையது. சுழிகள் எல்லாம் ஒரே அளவில், கோடு போட்டதுபோல் இருந்தன. மைக்கறை ஒன்றுகூட இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து அம்மா போனாள். செய்தி கிடைத்துக் கோல சிலாங்கூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. வாசற்காவல் வீரன் கதவைத் திறக்கவில்லை. "டீச்சர், என்னைக் கோவிச்சுக்காதீங்க. உங்க தம்பி கிராணி ஐயா ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்தா போதும், தொறந்துருவேன். ஆள் விட்டுக் கேட்டுட்டேன்" என்றான். என்ன சொன்னார் என்று கேட்டேன். வீரன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்லச் சொன்னாரு."

பறைச் சத்தம் லயத்துக் குடியிருப்புப் பக்கமிருந்து புறப்பட்டு, ரப்பர் மரங்களுக்குள் போய், ஆற்றங்கரைப் பக்கம் நின்றது. நின்ற பிறகு நானும் பஸ் ஏறினேன். அடுத்த வாரம் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அம்மாவின் நினைவாக அந்த டின்னிலிருந்து ஒரு காசு கேட்டேன், ஒன்றே ஒன்று. 'எண்ணிக்கை குலையக் கூடாது, மேலும் படித்த தங்களுக்கு இந்த மூடநம்பிக்கை எதற்கு' என்று நீ எழுதிய பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் எழுத்தும் அழகுதான்.

பொய் சொல்லி உன்னைக் கெடுத்திருந்தால், பொய்க்காரி கெடுத்துவிட்டாள் என்று நீ நிம்மதியாக இருப்பாய். அந்த நிம்மதியை உனக்குத் தர எனக்கு மனம் இல்லை.

பாடம் இரண்டு. இதனுடன் ஒரு பூதக்கண்ணாடி அனுப்பியிருக்கிறேன். கைமாறிப் புழங்கிய காசில் காயம் இருக்கும்: கீறல், பள்ளம், விளிம்பில் அடி. காயம் மனிதர்களுக்குப் போலத்தான், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இராது. இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறலைக் கண்டால், அவற்றை யாரோ ஒரே அச்சில் ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஈயம் கலந்து ஊற்றினால் எடைகூட ஏமாற்றிவிடும்; கீறல் ஏமாற்றாது. இதை மட்டும் நீ கற்றுக்கொண்டால் போதும், கடைக்காரன் உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டான்.

லீலாவதி

*

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
9.8.1987

அக்கா அவர்களுக்கு,

நல்ல செய்தி. ஜூன் மாதம் பதினெட்டு வெள்ளிக்கு வாங்கிய ஒரு காசை, கழுவாமல், காகிதத்தில் சுற்றி, அதே கிள்ளான் கடையில் ஐம்பத்தைந்துக்குக் கொடுத்தேன். இந்தத் தடவை கடைக்காரர் எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் என்னிடம் தள்ளப் பார்த்த ஒரு போலியையும் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். "அங்கிள் இப்ப பெரிய ஆள்லா" என்றார். இங்கே தொழிற்சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் தங்கள் வீட்டுப் பழைய காசுகளை என்னிடம் காட்டி யோசனை கேட்கிறார்கள். காலை வேளையில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

1951 விசயத்தைத் தாங்கள் விரிவாக எழுதியிருந்ததைப் படித்தேன். அன்று நான் சீட்டு எழுதியிருந்தால் துரை என் வேலையைப் பிடுங்கியிருப்பார். தங்களுக்கு வேறு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்திருக்காது. அவ்வளவுதான்.

ரவாங் வீட்டுக்கு எண்ணூறு வெள்ளி கட்டிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மீதி ஆயிரத்து எழுநூறை செப்டம்பர் 30க்குள் கட்ட வேண்டும். தவறினால் கட்டிய எண்ணூறு திரும்பாது, வீடும் வேறு ஆளுக்குப் போய்விடும். பரவாயில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் அம்மாவின் காசுகளைக் கிள்ளானுக்குக் கொண்டுபோகிறேன். ஐம்பதுக்குக் குறைந்து தருவதாக இல்லை.

தாங்கள் எனக்குக் கற்றுத்தந்த நன்றிக்காக, அதில் ஒரு காசைத் தங்களுக்குத் தரலாம் என்று எண்ணியிருக்கிறேன். சந்தை விலையிலிருந்து பத்து வெள்ளி தள்ளுபடி செய்து, நாற்பதுக்கு.

தங்கள் தம்பி,
சிவானந்தம்

*

புக்கிட் பெலிம்பிங்
20.8.1987

தம்பிக்கு,

தள்ளுபடிக்கு நன்றி. வேண்டாம்.

விற்கப் போகுமுன் செய்ய வேண்டியது இது. நீ படைத்த முப்பத்தாறு தீபாவளிச் சந்தனம் அந்தக் காசுகளின் மேல் காய்ந்து கிடக்கிறது. வெறும் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து எடு. புளி வேண்டாம், சாம்பல் வேண்டாம், தங்கமணியும் வேண்டாம். ஒவ்வொன்றையும் துணியில் ஒற்றி, காலை வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துப் பார். சிலவற்றைப் பார்த்துவிட்டு நாற்பத்தொன்றையும் பார்த்துவிட்டதாக எண்ணாதே. கடைசிக் காசுவரை பார்.

உனக்கு நான் கற்றுத்தருவதற்கு இதற்குமேல் ஒன்றும் இல்லை.

லீலாவதி

*

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்
12.9.1987

லீலாவதி அவர்களுக்கு,

அக்கா என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் சொன்னபடி ஊறவைத்தேன். சந்தனமும் குங்குமமும் கரைந்து தண்ணீர் சிவந்துவிட்டது. காலையில் வாசல் மேசையில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் காசில் ராஜாவின் காதுக்குக் கீழே ஒரு கீறல், அரிசி முளைபோல வளைந்தது. சரி, பழைய காசுதானே என்று எடுத்து வைத்தேன். இரண்டாவதிலும் அதே காது, அதே அரிசி முளை. மூன்றாவதிலும். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஏழாவதோடு நிறுத்திவிட்டேன். தங்கமணி, "என்னங்க, மயக்கமா வருதா" என்று கேட்டு வந்தாள். காசுகளை அப்படியே டின்னில் அள்ளிப் போட்டேன்.

ஆனாலும் டின்னைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். கடைக்காரர் மேலாக இருந்ததில் மூன்றை எடுத்து மேசைக் கண்ணாடியில் தட்டினார். சத்தமே வரவில்லை, சோற்று உருண்டை விழுந்ததுபோல விழுந்தன. "அங்கிள், போன மாசம் நீங்க எனக்குப் பாடம் எடுத்தீங்க. இது என்ன?" என்றார். கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள்.

வரும் வழியில் பாகானில் ஒரு வலைக்காரனிடம் டின்னோடு கொடுத்துவிட்டேன். வலைக்கு ஈயக்குண்டு ஊற்றிக்கொள்கிறேன் என்று ஆறு வெள்ளி கொடுத்தான். அந்தச் சனியனை இனி வீட்டுக்குள் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

இப்போது கேட்கிறேன். 1947 தைக்கு முன் நீங்களும் அம்மாவும் அந்த டின்னை எடுத்துக்கொண்டு கோல சிலாங்கூர் ஆசாரியிடம் போனீர்கள். மெருகு போடப் போவதாக அப்பாவிடம் சொன்னீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படிக்காத அம்மாவை ஏமாற்றி நல்ல காசை நீங்கள் எடுத்துக்கொண்டு, ஈயத்தை வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் ஜனவரியிலேயே உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே எட்டு மாதம் எனக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துப் பாடம் நடத்தினீர்கள்.

செப்டம்பர் 30க்கு இன்னும் பதினெட்டு நாள். வீடு போயிற்று, எண்ணூறும் போயிற்று. டிசம்பர் முடிந்தால் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியாது. அம்சவள்ளி பேக்டரி ஹோஸ்டலில் இருக்கிறாள். இதை நான் சும்மா விடப்போவதில்லை. நம் ஜனங்கள் அத்தனை பேரிடமும் சொல்வேன்.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் யாருடைய காசிலும் மேலே வந்தவன் அல்ல. புல்வெட்டுக்காரியின் மகன் கிராணி மேசைக்கு வந்தது இந்தத் தோட்டத்தில் அதுவே முதல் தடவை. பெரிய கிராணி சுப்பிரமணியம் ஐயா என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே என்னை எடுத்துக்கொண்டார். உங்களைப் போல மிஷன்காரி தயவில் மெட்ராஸ் போய்ப் பட்டம் வாங்கவில்லை. என் கையெழுத்து ஒன்றுதான் எனக்குச் சொத்து. அதை யாரும் ஈயமாக்க முடியாது.

சி. சிவானந்தம்

*

புக்கிட் பெலிம்பிங்
21.9.1987

சிவானந்தத்துக்கு,

நாற்பத்தொரு காசில் நாற்பதுதான் ஈயம். அச்சு எடுக்க ஆசாரிக்கு ஒரு நல்ல காசு வேண்டியிருந்தது. அதன் காதடிக் கீறல்தான் மற்ற நாற்பதிலும் இறங்கியது. அந்த ஒன்று டின்னிலேயே இருந்தது; கீறல் ஒன்றானாலும் வெள்ளியின் கருமை அதில் மட்டும்தான். கடைசிவரை பார்க்கச் சொன்னேன். ஏழாவதோடு நிறுத்தினாய். அது இப்போது பாகானில் யார் வலையிலோ கடலுக்குப் போய்வருகிறது, அல்லது வலைக்காரனுக்கு உன்னைவிடப் பொறுமை இருந்தால், அவன் மனைவியின் பெட்டியில் இருக்கிறது.

ஜனவரியிலேயே எனக்குத் தெரியும் என்கிறாய். தெரியும். சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாய். 'தாங்கள் மனக்கசப்பில் எழுதியது' என்று பதில் போட்டுவிட்டு, சபாக் ஆளிடமே கொடுத்திருப்பாய், அவன் உன்னைப் போலீசில் கொடுத்திருப்பான். ஆகவே உன் கண்ணாலேயே நீ பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். இது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை. எண்ணூறு வெள்ளி கட்டிவிட்டதாக நீ ஆகஸ்டில் எழுதியதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்தேன். இப்போதாவது எழுதிவிடலாமா என்று எட்டு நாள் யோசித்தேன். உனக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்பதையும் யோசித்தேன். பிறகு சந்தனத்தை ஊறவைக்கும் முறையை மட்டும் எழுதி அனுப்பினேன். இதைப் பழி என்று நீ சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஜனங்களிடம் சொல்லப்போவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாகச் சொல். ஆனால் ஆசாரியின் மகன் சோமு இன்னும் கோல சிலாங்கூர் கடைத்தெருவில்தான் இருக்கிறான். அச்சு ஊற்றிய அன்று பக்கத்தில் இருந்தவன். கூலி கொடுத்த கை யாருடையது என்று அவனைக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்.

என் வீட்டுப் பின்னறை காலியாக இருக்கிறது. டிசம்பருக்குப் பிறகு வருவதும் வராததும் உன் இஷ்டம். என் வாசலில் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. வந்தால் சமையல் தங்கமணி பொறுப்பு. என் நாணயப் பெட்டியைத் தொடக் கூடாது. என்னைப் பட்டத்தோடு அழைக்க வேண்டியதில்லை. வருவதாக இருந்தால் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வா. அதைத் தெரிந்துகொண்ட உன்னோடு மட்டுமே ஒரே கூரையின் கீழ் இருக்க என்னால் முடியும்.

இதைச் சொல்ல மாட்டேன் என்று அம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தேன். அவள் போன பிறகும் முப்பத்தாறு ஆண்டுகள் காத்தேன். உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. 1951இல் நீ அந்த ஒரு காசைக் கொடுத்திருந்தால், அதை வாங்கிக்கொண்டு சாகும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அம்மா ஏமாந்தவள் அல்ல. மெருகு என்று அப்பாவிடம் பொய் சொன்னவளும் அவள்தான், ஈயம் வாங்கக் கூலி மிச்சம் பிடித்தவளும் அவள்தான். தீபாவளித் தட்டு காலியாக இருந்தால் அப்பா கேட்பார், நீ கேட்பாய். ஆகவே தட்டை நிரப்ப நாற்பது ஈயக் காசு வேண்டியிருந்தது. நல்ல காசு நாற்பதையும் அவள் புல்வெட்டுக் கூடையின் அடியில் வைத்து, மேலே பச்சைப் புல்லைப் போட்டு எடுத்துப்போனாள். கனம் தாங்காது என்று கூடையின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன். பெரிய கிராணி சுப்பிரமணியம் வீட்டுப் பின்வாசலில் எங்களை நிற்கவைத்தார். ஜப்பான்காரன் நோட்டெல்லாம் குப்பையாகிப்போன புதிது. வெள்ளியைத் தவிர வேறெதையும் அவர் கையால் தொடுவதில்லை. நீ எழுதிக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை அம்மா இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பிரித்துப் பார்க்கவில்லை. மடித்தபடியே திண்ணையில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார், வேட்டியில் ஈரம் படாமல் இருக்க. பிறகு நாற்பது காசையும் ஒவ்வொன்றாகச் சிமெண்டுத் தரையில் போட்டு ஓசை கேட்டார். அம்மா குனிந்து குனிந்து ஒவ்வொன்றையும் பொறுக்கிக் கொடுத்தாள். நாற்பதாவது காசின் ஓசை அடங்கியதும் எழுந்து சொன்னார்:

"பையன திங்கக்கெழம ஆபீசுக்கு வரச் சொல்லு. கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

லீலாவதி